“ஏதாவது கேட்கணுமா?”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்டர்வியூவில் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வாராவாரம் படிக்கிறேன். நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் வேலைக்குப் போகிறவர் திருப்பி என்ன கேட்க வேண்டும் என்று ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி 14 வருடம் ஹெச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆள் எடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இன்டர்வியூ முடியப்போகும் நேரத்தில், “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்போம். முக்கால்வாசிப் பேர், “இல்லை சார், எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க” என்று எழுந்துவிடுவார்கள். நாங்கள் உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம்.

நானும் ஒரு காலத்தில் அப்படி எழுந்து வந்தவன்தான். புது இடத்தில் சேர்ந்த அன்று மேசை டிராயரைத் திறந்தால் உள்ளே ரப்பர் பேண்டு போட்ட விசிட்டிங் கார்டு கட்டுகள் மூன்று கிடந்தன. மூன்றிலும் ஆள் வேறு வேறு, பதவி மட்டும் என்னுடையது. இரண்டு வருடத்துக்குள் மூன்று பேர் வந்து போன நாற்காலி அது. நான் 7 மாதம் தாக்குப்பிடித்தேன். “இந்த இடம் ஏன் காலியாச்சு? முன்னாடி இருந்தவர் இப்போ எங்கே இருக்கார்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உண்மையைச் சொல்லியிருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லாவிட்டால் என்ன, ‘பதவி உயர்வு கிடைத்து மாடிக்குப் போய்விட்டார்’ என்று சட்டென வரும் பதிலுக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வரும் ‘சொந்தக் காரணம்’ என்ற பதிலுக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும்?

கேட்பவர்களிலும் பலர் மனப்பாடம் செய்துகொண்டு வந்து கேட்கிறார்கள். “அடுத்த 5 வருடத்தில் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?” என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். தம்பி, அடுத்த மாதம் மெஷினுக்குப் பேரிங் வருமா என்பதே எனக்குத் தெரியாது! எதிரே இருப்பவருக்கு எது தெரியுமோ அதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். சம்பளம், விடுமுறை, ப்ரொபேஷன் என்கிற சோதனைக் காலம், வேலையை விடுவதற்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டிய நோட்டீஸ் பீரியட் எல்லாம் ஹெச்.ஆருக்குத் தெரியும். தினமும் என்ன வேலை, யார் சொன்னால் கேட்க வேண்டும், எதில் திட்டு விழும் என்பதெல்லாம் மேலாளருக்குத்தான் தெரியும்.

அப்புறம், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். “வேலைப் பளு அதிகமா சார்?” என்றால், “அதெல்லாம் ஒண்ணும் இல்லை” என்று முடித்துவிடுவோம். “போன மாதம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தீங்க?” என்றால் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அப்படிக் கேட்ட பெண் ஒருத்தி எனக்கு மறக்கவில்லை. எங்களுக்கு ஷிஃப்ட் இன்ஜினியர் தேவைப்பட்ட சமயம் அது. கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துவைத்துக்கொண்டு, “ராத்திரி 2 மணிக்கு மெஷின் நின்னா முதல் போன் யாருக்கு சார் வரும்?” என்றாள். ஹெச்.ஆர். அதிகாரி, “ஷிஃப்ட்டில் இருக்கிறவங்க பார்த்துக்குவாங்க” என்றார். அதே நேரத்தில் நான், “உங்களுக்குத்தான்” என்றேன். அவள் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு, “கடைசியா எப்போ அப்படி போன் போச்சு?” என்றாள். முந்தின நாள் ராத்திரி. எடுத்தவன் நான்தான், அந்தத் தூக்கக் கலக்கத்தோடுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவள் போன பிறகு நாங்கள் இருவரும் அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். அன்றைக்குத்தான் இரவு அழைப்புக்கு முறை வைத்து ஒரு பட்டியலே போட்டோம். வேலையையும் அவளுக்கே கொடுத்தோம்.

சம்பளம் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. முதல் சுற்றிலேயே வேண்டாம், சரி. ஆனால் வேலை உறுதி என்ற நிலை வந்ததும் எவ்வளவு நிலையானது, எவ்வளவு ஊக்கத்தொகை, அந்த ஊக்கத்தொகை போன வருடம் உண்மையில் எவ்வளவு கைக்கு வந்தது என்று கேட்டுவிட வேண்டும். வாயால் சொன்னது அத்தனையும் ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்க வேண்டும். இதில் அடிபட்டவர்கள் என் பிரிவிலேயே இருந்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபைலை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு “ஏதாவது கேட்கணுமா?” என்றால் யாருக்கு வாய் வரும்? நானும் அப்படிச் செய்திருக்கிறேன். பிறகு, 40 நிமிட இன்டர்வியூவில் 25-ஆவது நிமிடமே, ஃபைல் திறந்திருக்கும்போதே, “இனி நீங்க கேளுங்க” என்று சொல்லிப் பழகினேன். முதலில் விழிப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வரும்.

வரும் வாரங்களில் உங்கள் பக்கத்தில் பதில்களுக்குப் பக்கத்திலேயே இந்தக் கேள்விகளுக்கும் கால் பத்தி இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்பு மேலாளர்