பின்னேரத்தைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூ ஜேர்சிப் புறநகரில் அரச உயர்நிலைப் பள்ளியொன்றில் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்து நிற்கிறாள். அங்கே 9 முதல் 12 வரை நான்கே வகுப்புகள். சீருடை இல்லை, கட்டணமும் இல்லை. மணி அடித்த பிறகும் பள்ளியிலேயே நின்று, ஓட்டப் பயிற்சியும் வயலினும் முடித்துத்தான் வீடு திரும்புவாளாம்.

இங்கே அவள் மச்சாள் 1.30க்குப் பள்ளி விட்டதும் வாசலில் நின்றபடியே பாணைக் கடித்துவிட்டு ரியூசனுக்குச் சைக்கிள் மிதிக்கிறாள். பள்ளி மைதானமோ பூட்டிக் கிடக்கிறது. பார்க்க வயிறு எரிகிறது. பெற்றோரே, கிழமையில் இரண்டு பின்னேரமாவது ரியூசனை விடுங்கள். அதிபர்மாரே, மைதானத்தைத் திறந்து விடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.