கேபிள் சுற்றிய டிரம்களை மாற்றித் தரவும்: 1383 நானோமீட்டரில் ஒளியை விழுங்கும் ஃபைபர் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், உள்ளூர் இணையச் சேவை,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு.

பொருள்: ஜி.652.டி ரகம் (1383 நானோமீட்டரிலும் இழப்பு குறைவாக இருக்க வேண்டிய ஃபைபர் ரகம்) என்று விற்கப்பட்ட கேபிளில் அளவு மீறிய ஒளி இழப்பு.

ஐயா,

தேனிக்கும் போடிக்கும் இடையே போடுவதற்காக உங்களிடம் 18 கிலோமீட்டர் சிங்கிள் மோடு கேபிள் வாங்கினோம். ஒரே இழையில் பல அலைநீளங்களை ஓட்டும் சிடபிள்யூடிஎம் கருவியை நம்பித்தான் இழைகள் குறைவான கேபிளை எடுத்தோம். இப்போது 1371, 1391 நானோமீட்டர் அலைநீளங்களில் ஓடும் சேனல்கள் இரண்டும் மறுமுனைக்கு வந்து சேரவில்லை. மற்றவை நன்றாக ஓடுகின்றன.

நேரில் வந்த உங்கள் பொறியாளர், கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது, ஜாயிண்டும் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இதை எங்களால் ஏற்க முடியாது. மடங்கியிருந்தால் இழப்பு 1550 நானோமீட்டரிலும் அதைவிட 1625-லும் கூடுதலாகத் தெரிய வேண்டும். இரண்டுமே சுத்தமாக இருக்கின்றன. ஜாயிண்டில் கோளாறு என்றால், இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியின் படத்தில் அந்த இடத்தில் படி இறங்கியது போல ஒரு சரிவு விழும். எங்கள் படத்தில் படியே இல்லை, முழு நீளத்துக்கும் ஒரே சீரான சாய்வுதான். அப்புறம், பள்ளத்தில் இறக்காமல் கிடங்கில் வைத்திருந்த டிரம்மையும் அளந்தோம். அதிலும் அதே கதை.

அளவுகள் இவை: 1310-ல் கிலோமீட்டருக்கு 0.34 டிபி (டெசிபல், ஒளி இழப்பின் அலகு), 1550-ல் 0.20 டிபி. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி உருகி இறுகும்போது அதன் அடர்த்தியில் தங்கிவிடும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. இந்த ராலே சிதறலை யாராலும் முழுதாக நீக்க முடியாது. அலைநீளத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைவதால் 1310-ஐவிட 1550-ல் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தக் கணக்குப்படி 1383-ல் 0.30 டிபி பக்கம் இருக்க வேண்டும். நாங்கள் அளந்தது 0.95. மொத்தத் தூரத்துக்கு 17 டிபி. ஒளியை அனுப்பிப் பெறும் எங்கள் மாட்யூல் அதைத் தாங்காது.

சிதறலால் இப்படி ஓர் அலைநீளத்தில் மட்டும் மேடு எழும்பாது. இது உட்கவர்தல். கண்ணாடிக்குள் ஈரத்தின் மிச்சமாகத் தங்கிவிட்ட ஹைட்ராக்சில் தொகுதிகள் 1383-ஐ ஒட்டிய ஒளியைத்தான் விழுங்கும். இழையாக இழுப்பதற்கு முந்தைய கண்ணாடித் தண்டான ப்ரீஃபார்ம் செய்யும்போது குளோரின் வாயுவால் ஈரத்தை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் அது இழை முழுக்கத் தங்கிவிடுகிறது. ஒளியைக் குடிப்பது கண்ணாடி அல்ல, அதிலுள்ள மாசுதான் என்று சார்லஸ் காவோ 1966-லேயே காட்டிவிட்டார். இவ்வளவு காலம் கழித்தும் அதே மாசோடு வரும் இழைக்கு நாங்கள் முழு விலை கொடுத்திருக்கிறோம் என்பது உண்மையிலேயே வேதனை தருகிறது.

கேபிளைப் போட்ட பிறகு ஹைட்ரஜன் புகுந்து இழப்பைக் கூட்டியிருக்கலாம் என்றும் தொலைபேசியில் சொன்னீர்கள். ஹைட்ரஜனில் வைத்துச் சோதித்த பிறகும் 1383-ல் இழப்பு வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதுதானே ஜி.652.டி ரகத்தின் நிபந்தனை! கிடங்கில் இருந்த டிரம்முக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. டிரம்களோடு நீங்கள் அனுப்பிய சோதனைச் சான்றில் 1310, 1550 இரண்டு மட்டுமே இருக்கின்றன. 1383-க்கு ஒரு வரிகூட இல்லை. ஏன் விட்டீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

எல்லா டிரம்களையும் மாற்றித் தாருங்கள். மாற்று டிரம் ஒவ்வொன்றுக்கும் 1260 முதல் 1625 வரை முழு இழப்பு வரைபடம் இணைக்க வேண்டும். பள்ளம் தோண்டிக் கேபிளை மறுபடி இறக்கும் கூலியும் உங்கள் பொறுப்பு. இதே தொகுதி இழையை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். 1310, 1550 மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் குறை இப்போது தெரியவே தெரியாது.

ஓடிடிஆர் கோப்புகளை இணைத்துள்ளேன். கிடங்கில் உள்ள டிரம்மை உங்கள் ஆள் முன்னிலையில் மறுபடி அளக்கவும் தயார். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்