பதினாலாவது வளைவு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் போகமாட்டேன் என்கிறது. பேப்பரில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. போனில் கூப்பிட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். எழுதி முடித்ததும் தம்பி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

விஷயத்தை அவன்தான் சொன்னான். அவனைத் திட்டாதே, நான் துருவித் துருவிக் கேட்டேன். உங்கள் ஜெர்மனியில் மார்க்கு 1 என்றால் முதல் தரம், 5 என்றால் ஃபெயிலாமே. எல்.கே.ஜி.யிலிருந்து ஒரு அரியர் இல்லாத பிள்ளைக்கு ஒரு பேப்பரில் 5 விழுந்திருக்கிறது. அதை மூன்று வாரம் மறைத்து வைத்திருக்கிறாய். மறைத்ததற்கு உன்னைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீ கொலோன் போய்ச் சேர்ந்த முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து ஊர் லெவர்குசன் ஃபுட்பால் டீம் தோற்கவே மாட்டேன் என்கிறது, உன் வீட்டுக்கார அம்மா கொலோன் கட்சி என்பதால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அந்த வருஷம் கொலோன் டீம் கீழ் டிவிஷனுக்கே போய்விட்டது, பாவம் அந்த அம்மா. நீ மூட்டிவிட்டதுதான், 2024-இல் நான் ராத்திரி ராத்திரியாக போனில் ஃபுட்பால் பார்த்தது. ரிட்டயர் ஆனவனுக்குத் தூக்கம் ஏது.

லெவர்குசன் டீமுக்கு அதற்கு முன்னால் ஐந்து தடவை ஜெர்மன் லீக்கில் இரண்டாம் இடம். ஊரே "விட்ஸேகுசன்" என்று கேலி செய்ததாம், "விட்ஸே" என்றால் இரண்டாம் ஆள். அப்படிப்பட்டவர்கள் அந்த வருஷம் லீக்கில் 34 மேட்ச் ஆடி 28 ஜெயித்து, 6 டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் கப்பை எடுத்தார்கள். மற்ற போட்டிகளையும் சேர்த்தால் தொடர்ந்து 51.

இதில் ஒரு மேட்ச் மட்டும் என் மனசில் தங்கிவிட்டது. ஐரோப்பிய நாட்டு டீம்கள் மோதுகிற யூரோப்பா லீக் செமி ஃபைனல், ரோமா டீமோடு, இரண்டு மேட்ச். முதல் மேட்சில் ரோமிலேயே 2-0 ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவது சொந்த கிரவுண்டில், அதில் ரோமா 2-0 முன்னால் போய்விட்டது. 82-ஆவது நிமிஷம் ரோமாக்காரனே தன் வலைக்குள் தட்டிவிட்டான். இரண்டு மேட்ச் கோலையும் கூட்டினால் லெவர்குசன் ஃபைனலுக்குப் போயாயிற்று. அன்றைக்கு 2-1 என்று தோற்றிருந்தாலும் நஷ்டமில்லை, தோற்காத கணக்குதான் போயிருக்கும். ஆனால் 97-ஆவது நிமிஷம் ஸ்டானிசிச் என்ற பையன், டிஃபென்ஸில் நிற்க வேண்டியவன், முன்னால் போய் கோல் அடித்து 2-2 ஆக்கினான். கணக்கின் மேல் ஆசை இல்லாமலா? ஆசை இருந்தது. ஆனால் அதைக் காப்பாற்ற அவன் பின்னால் போய் ஒதுங்கி நிற்கவில்லை பார்.

நான் ஒதுங்கினவன். இத்தனை வருஷம் உனக்கு முழுசாகச் சொல்லாத கதை இது.

ஏற்காடு மலை ரூட்டில் நான் விபத்தில்லாமல் பஸ் ஓட்டியது 24 வருஷம் 3 மாசம். 25 ஆகட்டும், பெரிதாக ஒரு பாராட்டு வைக்கலாம் என்று கூட இருந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் என் கை கெட்டது. இருபது வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு கியர் போடுகிறவன், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "இன்னும் ஒன்பது மாசம்" என்று எண்ண ஆரம்பித்தேன். இறக்கத்தில் தேவையில்லாமல் பிரேக்கை மிதிப்பேன். எதிரில் ஸ்கூட்டர் வந்தாலே மலைப்பக்கம் ஒதுங்குவேன். டிரிப் எல்லாம் லேட்டு. "அண்ணே, மாட்டு வண்டியே முன்னால போயிடும்போல" என்பார் கண்டக்டர்.

பதினாலாவது வளைவில் ஒரு பால் வேன் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, கொடுக்க வேண்டியதுதான். அதற்கு இடமும் தாராளமாக இருந்தது. நான் ஒடித்த ஒடியில் இடது பக்கம் முழுக்கப் பாறையில் உரசிக்கொண்டு போய் நின்றது. கண்ணாடி போச்சு, ஒரு ஆள் நீளத்துக்குத் தகரம் கிழிந்துபோச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாகலூர் ஸ்டாப்பில் ஏறின கிழவியின் மூட்டை மட்டும் அவிழ்ந்து, ஆரஞ்சுப் பழம் எல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டு உருண்டு என் பிரேக் மிதி வரைக்கும் வந்தது. குனிந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அந்தக் கிழவி என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. "போகட்டும் சாமி, பழம்தான" என்றது.

விசாரணை முடிகிற வரைக்கும் ஒன்பது நாள் டியூட்டி இல்லை. வீட்டில் சொல்லவில்லை. காலையில் காக்கியைப் போட்டுக்கொண்டு, உன் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு போய் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் உட்கார்ந்திருப்பேன். நடு ஏரித் திட்டில் வந்து இறங்கும் கொக்கைப் பார்த்துக்கொண்டே பகல் போகும். நீ அப்போது ஆறாவது. ஒன்பதாவது நாள் சாயங்காலம் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, டீசல் வாசமே வரல?" என்று கேட்டாய். அன்றைக்குத்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். உனக்கு "வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்கு" என்று பாதியைச் சொல்லி முடித்துக்கொண்டேன்.

திரும்ப வண்டி கொடுத்தார்கள். முதல் டிரிப்பில் அந்த வளைவு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. எண்ண ஒன்றும் மிச்சம் இல்லையே.

இத்தாலியில் பெருஜா என்று ஒரு டீம். 1978-79-இல் 30 மேட்சிலும் தோற்கவில்லை. ஆனால் 11 ஜெயித்து 19 டிரா. கப் மிலானுக்குப் போச்சு, இவர்கள் இரண்டாம் இடம். அதைப் படித்தபோது என் கடைசி மூன்று மாச ஓட்டம்தான் ஞாபகம் வந்தது.

லெவர்குசன் கதை எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும். டப்ளினில் யூரோப்பா ஃபைனல், நமக்கு நடுராத்திரி பன்னிரண்டரை. அட்டலாண்டா டீமின் லுக்மேன் ஒருத்தனே மூன்று கோல், 3-0. ஐம்பத்திரண்டாவது மேட்சில் கணக்கு முடிந்தது. நீ அன்றைக்கு போனில் அழுதாய், நான் "விடு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.

மூன்றே நாள் கழித்து பெர்லினில் ஜெர்மன் கப் ஃபைனல். 17-ஆவது நிமிஷம் லெவர்குசனின் ஷாக்கா தூரத்திலிருந்து ஒன்று அடித்தான். பாதி ஆட்டம்கூட முடியவில்லை, அவர்கள் ஆள் கொசுனுவுக்கு ரெட் கார்டு. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேர். அப்படியே 1-0 என்று ஜெயித்தார்கள். அந்த மேட்சை நீ பார்க்கவில்லை என்றாய், மனசு வரவில்லை என்றாய். நான் பார்த்தேன். இப்போது நேரம் கிடைத்தால் தேடிப் பார்.

மறுபடி எழுதத் தேதி எப்போது என்று தெரிந்தால் தம்பியிடம் இல்லை, என்னிடம் சொல்லு. அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். அந்த ஊருக்கு வருகிற பையன் ஒருத்தன் அடுத்த வாரம் கிளம்புகிறான். ஏற்காட்டுக் காப்பித்தூளும் அரைக் கிலோ வைக்கிறேன், உன் வீட்டுக்கார அம்மாவுக்கும் கொஞ்சம் கொடு.

இப்படிக்கு,
அப்பா