தண்டு முதலில், இலை பிறகு

அன்பு மகளுக்கு,

பாக் சோய் என்ற சீனக் கீரையை வதக்கினால் தண்ணீர் விட்டுக் குழகுழவென்று ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். தண்டையும் இலையையும் சேர்த்துப் போடுகிறாய் போல. இரண்டுக்கும் வேக்காடு வேறு, கண்ணு.

ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில் பாக் என்றால் வெள்ளை, சோய் என்றால் கீரை, காய்கறி. தண்டின் நிறத்தை வைத்து வந்த பெயர். ஹாங்காங்கில் அப்படிக் கேட்டால் வெண்தண்டுக் கீரை கிடைக்கும். அதே இரண்டு எழுத்தைச் சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் பாய்ட்சாய் என்று படிப்பார்கள். பெய்ஜிங்கில் கேட்டால் பெரும்பாலும் நீளமான சீன முட்டைக்கோஸைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தண்டும் பச்சையாக, அடி கரண்டிபோல் குழிந்திருந்தால் அது ஷாங்காய் வகை. உங்கள் ஹாங்காங் சந்தையில் அதைச் சியூ தோங் சோய் என்று கேள்.

இரண்டு பேருக்கு உங்கள் ஊர் எடைக்கணக்கில் அரை கன், அதாவது ஏறக்குறைய 300 கிராம் போதும். அடித்தண்டை அழுத்திப் பார், விறைப்பாக இருக்க வேண்டும். நடுவில் பூந்தண்டு நீண்டிருந்தால் முற்றல், நார் தட்டும். இலையில் பொடிப்பொடி ஓட்டை இருந்தால் தத்துவண்டு கடித்தது, தாராளமாக வாங்கலாம்.

மண் முழுக்கத் தண்டின் உள்வளைவில்தான் ஒளிந்திருக்கும். முழுசாகக் குழாயில் காட்டினால் போகாது. அடியில் 1 செ.மீ. வெட்டிவிட்டு இதழ் இதழாகப் பிரி. 5 நிமிடம் தண்ணீரில் போட்டு, ஒவ்வொரு தண்டின் அடியையும் கட்டைவிரலால் தேய்த்துக் கழுவு. இன்னொரு தண்ணீரிலும் அலசு. பிறகு வடிதட்டில் நன்றாக வடியவிடு, இதில் அவசரப்படாதே. ஈரத்தோடு போட்டால் சட்டியின் சூடு இறங்கி, கீரை வதங்காமல் வெந்துவிடும்.

தண்டை 2 செ.மீ. துண்டாக்கு, இலையைத் தனியே வை. சட்டி நன்றாகக் காய்ந்ததும் 1 மேசைக்கரண்டி எண்ணெய், தட்டிய பூண்டு 3 பல். வாசனை வந்ததும் தண்டைப் போட்டு, பெரிய தீயில் ஒன்றரை நிமிடம் கிளறு. அப்புறம் இலை, அரை நிமிடம். கால் டீஸ்பூன் உப்பைக் கடைசியில் போடு. முதலிலேயே போட்டால் நீரை இழுத்துவிடும். மூடவே மூடாதே. கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறாவிட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகும். கடுகுக் குடும்பம் என்பதால் அதிகம் வெந்தால் கந்தக வாடையும் அடிக்கும். தண்டைக் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும், அதுதான் பதம். தேங்காய்ப்பூ வேண்டுமென்றால் அடுப்பை அணைத்தபின் தூவிக்கொள்.

மீதிக் கீரையைக் கழுவாமல், காற்றுப் போகும் பையில் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வை. 3, 4 நாள் தாங்கும். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவில் இலை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

அன்புடன்,
அம்மா