எந்த வருஷத்துத் தோட்டம்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பேரன் படமும் பார்த்தேன், மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம் பிள்ளை.

இங்கே சிங்கப்பூரில் நான் வேலையை விட்டும் மண் என்னை விடவில்லை. ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பழைய கறுப்பு வெள்ளை பங்களா ஒன்று, சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். அதன் தோட்டத்தைப் பழையபடி ஆக்கப்போகிறார்களாம், செடி விஷயத்தில் யோசனை சொல்ல என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, பழையபடி என்றால் எந்த வருஷத்துப்படி?

குழுவில் ஒருவர் 1840களுக்குப் போக வேண்டும் என்கிறார், அந்த வட்டாரமே ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்த காலம். அதற்காக வாசலில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துவிடலாமாம், அது 1876இல்தான் சிங்கப்பூருக்கு வந்த வெளிநாட்டு மரமாம். அட, அந்த வீடே 1900க்குப் பிறகு கட்டியதுதானே! ஜாதிக்காய் மட்டும் இந்த ஊர்ச் செடியா? அது மலுக்குத் தீவுகளிலிருந்து வந்தது. இந்த ஊரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொடங்கிய தோட்டத்தில் அதையும் கிராம்பையும் வைத்துப் பார்த்தார்கள், 1829இல் பணமில்லாமல் அந்தத் தோட்டத்தை மூடினார்கள். அப்புறம் தனியார் ஆசை ஆசையாக நட்டார்கள், 1850களில் நோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அதிபர் மாளிகையான இஸ்தானா இருப்பதே பிரின்செப் என்பவரின் பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தில்தான். 1869இல் அதைக் கட்டி முடித்ததில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் நினைவாக ஒரு செடியாவது உண்டா என்று கேட்டேன். பேச்சு மாறிவிட்டது.

என் கட்சி இதுதான்: மரம் நிற்கட்டும், ஜாதிக்காயை அதன் நிழலோரம் வைப்போம். இளங்கன்றுக்கு நிழல் கட்டாயம், வெட்டவெளியில் வைத்தால் வெயிலில் கருகும். மரத்தை வெட்டிவிட்டு அப்புறம் நிழலுக்குக் கறுப்பு வலை கட்டுவது என்ன கணக்கோ! அதுவும் அங்கே, சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தில் கைவைக்க தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது. நான் சொல்லி அடங்காதவர் இதைக் கேட்டுத்தான் கொஞ்சம் அடங்கினார்.

மண்தான் பெரிய தலைவலி. கட்டுமானக் குப்பையும் களிமண்ணும் இறுகிக் கிடக்கின்றன, ஜாதிக்காய் வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. முதலில் வடிகால், அப்புறம்தான் செடி.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. விதையில் வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது, அதற்கு ஐந்தாறு வருஷம் பிடிக்கும், அதுவரை காத்திருக்க இவர்களுக்குப் பொறுமை இல்லை. பினாங்கில் பாலிக் புலாவ் தோட்டக்காரர்கள் ஒட்டுக்கன்று கட்டுகிறார்களா, எத்தனை பெண் மரத்துக்கு ஓர் ஆண் வைக்கிறார்கள் என்று விசாரித்து எழுது. போகும்போது எனக்கு ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், உப்புப் போட்டது, சர்க்கரை வேண்டாம், டாக்டர் விடமாட்டார்.

அன்புடன்,
மணி