அத்தானுக்குப் புரியும்படி என் வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வாள். நீ உள்ளதை எழுது.

மார்ச் பிறந்தும் மிச்சிகனில் பனி முழுசாகக் கரையவில்லை. ஐந்தரை மணிக்கே இருட்டும் மாதங்கள் கழிந்துவிட்டன, அதுவே பெரிய நிம்மதி. இப்போது மேப்பிள் மரங்களில் துளை போட்டு வாளி கட்டியிருக்கிறார்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் இந்தச் சில வாரங்களில்தான் சாறு நன்றாக ஓடும். ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. நம் ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் விறகுச் செலவைக் கேட்டே எழுந்து போய்விடுவார்கள்.

பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடும்போது யாரோ விசாரித்ததற்கு, "மச்சினன் அமெரிக்காவுல பயாலஜி வாத்தியார்" என்று அத்தான் சொன்னாராமே. பாதி சரி. நான் பாடம் நடத்துவது குறைவு. பாடம் கேட்ட காலேஜ் பிள்ளைகளின் தலைக்குள் அது என்னவாக ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒருவரை உட்காரவைத்து ஒரு கேள்வி கொடுப்போம். அவர் வாய்விட்டு யோசிக்கவேண்டும். சரி, தப்பு என்று நான் முகத்தில்கூடக் காட்டக்கூடாது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு வார்த்தையையும் ஆராய்ச்சிக்கு எடுக்க முடியாது. பதிவை எழுத்தாக்கி, பெயரை நீக்கி, இரண்டு பேர் தனித்தனியாக வகைபிரித்து, அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்போம். வாரக்கணக்கில் இழுக்கும்.

உனக்குப் பிடிக்கும் ஒரு கேள்வி சொல்கிறேன். ஒரு சின்ன விதை பெரிய மரமாகிறது. அத்தனை எடையும் எங்கிருந்து வந்தது? மண், தண்ணீர், உரம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கேட்டால் பிசகாமல் எழுதுகிறார்கள்! கார்பன் டை ஆக்சைடு அதில் கண்முன்னே நிற்கிறது, ஆனால் அதுதான் மரக்கட்டையாகிறது என்று மனசு ஒப்புவதில்லை. "காற்றுக்கு ஏது அவ்வளவு கனம்?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது. வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் 17ஆம் நூற்றாண்டில் தொட்டியில் சுமார் 90 கிலோ மண்ணை நிறுத்துப் போட்டு, ஒரு வில்லோ கன்றை ஐந்து வருஷம் வளர்த்தார். மரம் 75 கிலோவைத் தாண்டியது, மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. மண் இல்லை என்று காட்டியவரே, "அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான்" என்று முடித்துவிட்டார். என் மாணவர்களில் பலரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களை மக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கிருமி ஏன் அடங்காமல் போகிறது என்ற விஷயமும் இப்படித்தான். "கிருமி தப்பிக்கணும்னு தன்னை மாத்திக்கிச்சு" என்பார்கள். ஏற்கெனவே எதிர்ப்புள்ள சிலது பிழைத்துப் பெருகுகிறது என்பது ஏறுவதில்லை.

இன்னொரு தடவை நன்றாக விளக்கினால் போதாதா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் போதாது. 2014இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள். பிள்ளைகளைப் பேசவிட்டு, கணக்குப் போடவிட்டு நடத்தியவற்றில் 22 பேர். ஆனால் அவை கல்லூரி வகுப்புகள். பிளஸ் டூவில் அறுபது பேர், தலைக்கு மேல் சிலபஸ், 720இல் 360 மார்க் பயாலஜிக்கே வைத்திருக்கும் நீட் என்று இருக்கிற உன்னிடம் அதை அப்படியே நீட்டமாட்டேன். மனப்பாடத்தைத் திட்டுகிற கட்சியும் நான் இல்லை. புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களின் பெயர் தெரியாதவன் எதை வைத்து யோசிப்பான்?

செலவில்லாத ஒன்று உண்டு. 2006இல் வந்த ஒரு சோதனையில் சிலரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார்கள், சிலரைப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதவைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதியவர்கள் முன்னால். அதனால் வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் புத்தகத்தை மூடச் சொல், மார்க் போடாதே. மார்க் என்றதும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள்.

மரக் கேள்வியையும் கேட்டுப் பார். ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளிடம் ரப்பரை வைத்துக் கேள்: வருஷக்கணக்காகப் பால் வெட்டி ஷீட் அடித்து விற்கிறார்களே, அந்த ரப்பரெல்லாம் எதிலிருந்து வருகிறது? விடையைச் சொல்லாமல் முதலில் அவர்கள் வாதத்தைக் கேள். ஆராய்ச்சிக்கு எடுக்கமாட்டேன், எனக்கே ஆசையாக இருக்கிறது. என்ன சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பு.

ஜூலையில் வரப் பார்க்கிறேன். டிக்கெட் விலை இறங்கினால் குற்றாலச் சீசனுக்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
தம்பி