உன் லைன் பிழைத்துவிட்டது

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
ஆகஸ்ட் 17

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு உன் ஃப்ளை லைன்தான், பொய்ப்பூச்சி கட்டி மீனுக்கு வீசுகிற அந்தத் தூண்டில் கயிறுதான் காரணம். "செப்டம்பர் கடைசியில் வருகிறேன், புது லைன் ஒன்று வாங்கி வை, பழையது செத்திருக்கும்" என்று எழுதியிருந்தாய். கடைக்குப் போய் விலை கேட்டேன். கேட்டதும் நேராக வீட்டுக்குத் திரும்பி கராஜைத் திறந்தேன்.

நீ ஊருக்குப் போகும்போது விட்டுப்போன, லைன் சுற்றிய ரீல், ஏழு வருஷமாகப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் கிடந்தது. லைனை உருவினால் ஸ்பிரிங் மாதிரிச் சுருள் சுருளாக வந்தது. இளம்பச்சையாக இருந்தது அழுக்குச் சாம்பலாகி, தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது. நானும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு நகத்தால் ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே அதே பச்சை! அழுக்குதான், வேறொன்றும் இல்லை.

எனக்கு வீசக் கற்றுக்கொடுத்தவன் நீ. மூயி ஆற்றங்கரையில் நின்று "பின்னால் போனது நீளட்டும், அப்புறம் முன்னால் வீசு" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஒரு நாளாவது லைனைக் கழுவச் சொன்னாயா? நீயே கழுவியதில்லை. ஏறக்குறைய எடையே இல்லாத பொய்ப்பூச்சியை வீசுகிறோம், அதை இழுத்துக்கொண்டு போவது லைனின் கனம்தான் என்று பாடம் நடத்தினாயே, அந்த லைன்மேல் அரை வருஷத்துப் பாசி ஏறினால் அது எப்படிப் போகும்? கடைசி சீசனில் தூரம் போகவில்லை, நுனி மூழ்குகிறது என்று புலம்பினாய். தோள்பட்டை வலி, வயசு என்றெல்லாம் சொன்னாய். எனக்கென்னவோ தோளைவிட லைன்மேல்தான் சந்தேகம்.

நம் தங்கூசி மாதிரி இது வெறும் நரம்பு இல்லை. நடுவில் நைலான் பின்னல், அதன்மேல் மிருதுவான பிவிசி உறை. மிதக்கும் லைன் என்றால் அந்த உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத, உள்ளே வெற்றான கண்ணாடி உருண்டைகள் கலந்திருக்கும். அதனால்தான் தண்ணீரைவிட லேசு. மேற்பரப்பு தாமரை இலை மாதிரி தண்ணீரை ஒட்டவிடாமல் இருக்கவேண்டும். அழுக்குப் படிந்தால் தண்ணீர் ஒட்டும், கனம் கூடும். மெல்லிய நுனியில் உறை குறைவு, அதனால் அதுதான் முதலில் முங்கும். ராடின், அதாவது தூண்டில் கோலின், வளையங்களிலும் அந்த அழுக்கு உரசும். நல்ல லைன் வழுக்கிக்கொண்டு ஓடும், உன்னுடையது அரம் மாதிரி கரகரத்தது.

சரி, கழுவினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இரண்டே சொட்டு. கொதிக்கிற தண்ணீரும் காரமான சோப்பும் கூடாது, பிவிசியை மிருதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பதத்தை எடுத்துவிடும். இருபத்தேழு மீட்டரையும் பெரிய பெரிய வளையமாக டப்பில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஊறவைத்தேன். லைனுக்குப் பின்னால் ரீலோடு சுற்றியிருக்கிற பேக்கிங் நூலை நனைக்கவில்லை. துடைக்க மெத்தென்ற துணி வேண்டும். அடுக்களையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து நாலாக மடித்து, லைனை நடுவில் வைத்து, இரண்டு விரலால் லேசாகப் பிடித்து உருவினேன். முதல் உருவலிலேயே துணியில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மடிப்பை மாற்றி மாற்றி மூன்று தரம். மூன்றாவது தரம் கோடு வெளிறிப்போனது. அப்போதுதான் வீட்டுக்காரி வந்து, அது இட்லித் துணி என்று சொன்னாள். சொன்ன விதத்தை எழுதவில்லை.

நல்ல தண்ணீரில் இன்னொரு தரம் அலசி, நிழலில் உலர்த்திய பிறகு சுருளை எடுக்கவேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவள் பேசாததால் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டேன். அவரை உனக்கு நினைவிருக்கும். தமிழ் வார்த்தை நூறு தெரிந்தால் அதிகம், அதில் பாதி சாமி, மீதி சாப்பாடு. அவர் கேட் பக்கம் ஒரு முனையைப் பிடிக்க, நான் அவகாடோ மரத்தடியிலிருந்து மெதுவாக இழுத்துப் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஓரோர் ஆள் நீளமாக. விட்டதும் லைன் நேராகக் கிடந்தது.

தாத்தாவுக்கு ஒரே குஷி. அவருடைய தாத்தா டர்பன் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில் கரைவலை இழுத்தவராம். பருத்தி வலை. தினமும் அலசி, விரித்துக் காயப்போடாவிட்டால் இற்றுப்போகுமாம். "வலை காயாம வீட்டுக்கு வந்தா சோறு இல்ல" என்று ஆயா சொல்வதை அப்படியே தமிழில் சொல்லிக் காட்டினார். வெள்ளைக்காரர்களின் ஃப்ளை லைனும் அந்தக் காலத்தில் பட்டுநூல்தான். மிதப்பதற்குக் கொழுப்புப் பூசி, ஒவ்வொரு நாளும் ரீலிலிருந்து பிரித்து உலர்த்துவார்கள். பிளாஸ்டிக் உறை வந்தபிறகு அந்தப் பழக்கம் போய், நம்மைப் போன்ற சோம்பேறிகள் பெருகிவிட்டோம்.

கடைசியாக டிரெஸ்ஸிங். சின்ன பாட்டிலில் விற்கிற சிலிக்கோன் சமாசாரம். தேங்காய் எண்ணெய் போதாதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், நல்லவேளை செய்யவில்லை, அது தூசியை வாரிச் சேர்க்கும். டிரெஸ்ஸிங்கையும் துணியில் இரண்டு சொட்டு விட்டு ஒரு பூச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுக்கவேண்டும். அதிகம் பூசினால் இதுவும் அழுக்கைத்தான் இழுக்கும். நுனியில் உறை வெடித்திருந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டேன், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்பின்னலுக்குள் ஏறும். லைன் நுனியில் பூச்சிக்காகக் கட்டுகிற மெல்லிய நரம்பு, லீடர், அதன் முடிச்சைத் தாத்தாதான் போட்டார். எண்பது வயது விரல், என்ன வேகம்!

என் லைன் என்ன ஆனது என்று கேட்பாய். போன டிசம்பரில் கொசு மருந்தைக் கையில் பூசிக்கொண்டு அதே கையோடு லைனைப் பிடித்தேன். அந்த மருந்தில் இருக்கிற டீட், பிவிசியைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தால் பிசுபிசுப்பு, அதன்மேல் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப்பதிவு ஆபீசில் உருட்டின மாதிரி. கழுவிப் பிரயோசனமில்லை. இப்போது அவரைப் பந்தலைக் கட்டிவைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை உன் லைனை அண்டர்பர்க் பக்கம் ஒரு அணைக்கு எடுத்துப்போனேன். ட்ரௌட் மீன் பிடிக்க ஆறுகள் செப்டம்பர் 1 வரை மூடியிருக்கும், அணைகளுக்குத்தான் வருஷம் முழுக்க அனுமதி. மலை உச்சியில் பனி, கை விறைத்தது. மூன்றாவது வீச்சில் லைன் வளையங்களில் உஸ்ஸென்று ஓடி, நுனி வரைக்கும் தண்ணீர்மேல் கோடு போட்ட மாதிரி கிடந்தது. மீன் ஒன்றும் வரவில்லை. இந்த பிரவுன் ட்ரௌட்டும் ஊரைவிட்டு வந்த சாதிதான், தெரியுமா? 1890இல் ஸ்காட்லாந்து முட்டையாகக் கப்பலேறி வந்து இங்கே நட்டால் பகுதி ஆறுகளில் இறங்கியது. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்திறங்கிய நம் ஜனங்களுக்கு முப்பது வருஷம் ஜூனியர். தாத்தாவிடம் சொன்னேன். "அப்போ நாங்கதான் பெரியவங்க" என்றார்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். மகளுக்குக் கேப் டவுனில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி, மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. கோயிலில் ஆடிக் கூழ் முடிந்தது, உன் பங்கையும் குடித்தேன். உன் மனைவிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? மலையேற வேண்டாம், அணைக்கரை வரை கார் போகும் என்று சொல்.

டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் கடலில் ஷாட் மீன் பிடிக்கத் தடை. செப்டம்பருக்குள் வந்தால் டர்பனில் ஒரு காலை நின்று ஆளுக்கு நாலு பிடிக்கலாம், அதற்குமேல் சட்டம் விடாது. தாத்தாவும் வருகிறேன் என்கிறார்.

புது லைன் வாங்கவில்லை. அந்தக் காசுக்குப் பதிலாக வரும்போது இட்லித் துணி நாலு கொண்டுவா. மூன்று அவளுக்கு. ஒன்றை எனக்குத் தனியாகப் பெட்டியின் அடியில் வை.

உன் பழைய அறைத் தோழன்